யார் கூப்பிட்டது, என்ன சொன்னது

எடுக்க முடியாமல் போன அழைப்பைப் பற்றி இரண்டு வகைக் குறுஞ்செய்திகள் புழக்கத்தில் இருக்கின்றன. "இன்ன நம்பரிலிருந்து இத்தனை மணிக்கு அழைப்பு வந்தது" என்று சொல்வது ஒன்று. அதை நாம் மிஸ்டு கால் அலர்ட் என்கிறோம். "உங்களுக்கு ஒரு வாய்ஸ் மெயில் காத்திருக்கிறது" என்று சொல்வது மற்றது. அமெரிக்காவில் இணையத் தொலைபேசி வைத்திருக்கும் தமிழர் வீடுகளில் இது அன்றாடச் சங்கதி. முதலாவது யார் கூப்பிட்டார் என்பதோடு நின்றுவிடுகிறது. இரண்டாவது, கூப்பிட்டவர் ஏதோ சொல்லியும் வைத்திருக்கிறார் என்கிறது, ஆனால் அது என்ன என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

நகரத்தில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. சிக்னல் எப்போதும் இருக்கும், அடுத்த நிமிடமே திரும்பக் கூப்பிட்டுவிடலாம். ஆகவே இரண்டையும் சவ்வாது மலையில், புதூர்நாட்டில் வைத்துப் பார்க்கிறேன். திருப்பத்தூர் மாவட்டப் பக்கம் மலைமேல் இருக்கும் மூன்று ஊராட்சிகளில் புதூர்நாடு ஒன்று. புங்கம்பட்டு நாடும் நெல்லிவாசல் நாடும் மற்ற இரண்டு. சாமையும் புளியும் பலாவும் உள்ள ஊர்கள். தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர்கள். மழை நம்பிய விவசாயம் வருடம் முழுக்கச் சோறு போடாது. அதனால் வீட்டுக்கு ஒருவராவது திருப்பூருக்கோ கேரளத்துக்கோ கர்நாடகக் காப்பித் தோட்டத்துக்கோ வேலைக்குப் போவது வழக்கம். போனவர் கூப்பிடுவார், வீட்டில் இருப்பவர் சிக்னல் இல்லாத பள்ளத்தில் இருப்பார். அழைப்பு தவறுவது இங்கே விதிவிலக்கு இல்லை, நித்தியப்படி.

மலையில் சிக்னல் எப்படி வரும் என்பது ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும். ஒரு திருப்பத்தில் இரண்டு கோடு, அடுத்த திருப்பத்தில் ஒன்றுமில்லை. டவரிலிருந்து வரும் அலை நேர்ப்பார்வையை விரும்புவது, குறுக்கே ஒரு மலைமடிப்பு வந்தால் அதற்குப் பின்னால் நிழல் விழுந்துவிடும். எந்தப் பாறையில் நின்றால், எந்த மேட்டுக்குப் போனால் பேசலாம் என்று ஊருக்கே தெரிந்திருக்கும். அந்த இடத்துக்கு வந்ததும் பையில் கிடக்கும் பட்டன் போன் தொடர்ந்து கத்தும். காலையிலிருந்து வந்த மிஸ்டு கால் செய்திகள் எல்லாம் ஒரே மூச்சில் வந்து விழும். செய்தி பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். வீட்டம்மா அதைப் படிக்கப் போவதில்லை. பள்ளிக்கூடம் போகும் பேரனிடம் நீட்டி, "யாரு நம்பருடா இது, கடைசி நாலு என்ன போட்டிருக்கு?" என்பார். கடைசி நான்கு எண்ணைச் சொன்னால் மேஸ்திரியா, மகனா என்பது தெரிந்துவிடும். இந்த அலர்ட்டில் அவர்களுக்குப் பயன்படுவது அந்த நான்கு எண் மட்டும்தான்.

அந்த நான்கு எண் பள்ளத்தைத் தாண்டி வந்து சேர்வதற்குப் பின்னால் நல்ல பொறியியல் இருக்கிறது. போன் வலையில் இல்லை என்று தெரிந்ததும் நிறுவனத்தின் சுவிட்ச் அந்த அழைப்பை ஒரு கணினிக்குத் திருப்பிவிடுகிறது. கூப்பிட்டவர் காதில் "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்ற அறிவிப்பு ஓடும் நேரத்தில், அந்தக் கணினி நம்பரையும் நேரத்தையும் குறித்து ஒரு குறுஞ்செய்தியை எழுதிக் குறுஞ்செய்தி மையத்திடம் கொடுக்கிறது. மையம் அனுப்பிப் பார்க்கும். போன் கிடைக்காவிட்டால், "இவருக்கு ஒன்று பாக்கி இருக்கிறது" என்ற குறிப்பு சந்தாதாரர் பதிவேட்டில் ஏறும். அந்த போன் எந்த டவரிலாவது தலைகாட்டிய உடனே பதிவேடு மையத்தை உசுப்பும், செய்தி கிளம்பும். எவ்வளவு காலம் காத்திருக்கலாம் என்பதற்குச் செல்பேசிகளுக்கான ஜிஎஸ்எம் விதியில் 63 வாரம் வரை இடம் உண்டு. நடைமுறையில் நிறுவனங்கள் சில நாட்களோடு குப்பையில் போட்டுவிடுகின்றன. மேட்டுக்கு ஏறியவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை, போன் சட்டைப்பையில் இருந்தால் போதும் என்பதே இதன் சிறப்பு.

வாய்ஸ் மெயில் வேறு குடும்பம். அமெரிக்கர் கார்டன் மேத்யூஸ் 1979இல் விண்ணப்பித்து 1983இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு அது. முதலில் வாங்கிய நிறுவனங்களில் ஒன்று 3எம். அலுவலக மேஜைக்காகப் பிறந்தது என்பதை அதன் நடத்தையே சொல்லிவிடும். ஒலிப்பதிவு மையத்திலேயே இருக்கும், உரியவர் போன் செய்து, ரகசிய எண் அடித்து, கேட்டுவிட்டு, அழிக்கவோ வைத்துக்கொள்ளவோ வேண்டும். மேஜை போனில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தால் செய்தி இருக்கிறது என்று பொருள். இணையத் தொலைபேசி வந்தபோது அந்த விளக்கையும் கூடவே எடுத்து வந்தது. பெட்டியில் புதிதாக ஒன்று விழுந்தால் போனுக்குத் தகவல் சொல்லும் முறையை 2004இல் ஆர்எஃப்சி 3842 என்ற ஆவணமாக வகுத்தார்கள்.

மேஜையைவிட்டு எழுந்து போனவருக்கு விளக்கு எரிந்து என்ன பயன்? அங்கேதான் குறுஞ்செய்தி நுழைகிறது. மார்க் ஸ்பென்சர் 1999இல் தொடங்கிய ஆஸ்டரிஸ்க் என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு குரல்பெட்டிக்கும் ஒரே ஒரு வரி எழுத வேண்டும்: ரகசிய எண், பெயர், மின்னஞ்சல் முகவரி, அதற்கடுத்துப் பேஜர் முகவரி. அந்தப் பேஜர் இடத்தில் ஆட்கள் தங்கள் செல்பேசி நிறுவனம் கொடுத்த மின்னஞ்சல் முகவரியைப் போட்டார்கள். அங்கே போகும் மின்னஞ்சல் குறுஞ்செய்தியாக மாறிக் கையில் வந்து விழும். செலவில்லாத சாமர்த்தியமான வழி. ஸ்பாம் அனுப்புகிறவர்களுக்கும் அது தெரிந்துவிட்டது. ஏடி அண்ட் டி நிறுவனம் 2025 ஜூன் 17 அன்று அந்தக் கதவை மூடிவிட்டது. கூகுள் வாய்ஸ் 2009இல் வந்தபோது ஒரு படி மேலே போயிருந்தது: பேசியதைக் கணினியே எழுத்தாக்கி மின்னஞ்சலாகவோ குறுஞ்செய்தியாகவோ அனுப்பியது. தப்பும் தவறுமாக இருந்தாலும் விஷயம் புரிந்தது.

இத்தனை வசதி இருந்தும் வாய்ஸ் மெயில் இந்தியாவில் ஏன் பழக்கமாகவில்லை? இயந்திரத்திடம் பேச நமக்குக் கூச்சம் என்று சிலர் சொல்வார்கள். நான் நம்பவில்லை. வாட்ஸப்பில் ஐந்து நிமிடம் குரல் பதிவு அனுப்புகிற மாமாக்களும் அத்தைகளும் நம் வீடுகளில்தான் இருக்கிறார்கள். காரணம் காசு. 2003 மே 1 முதல் இந்தியாவில் கூப்பிடுகிறவர்தான் காசு கொடுக்க வேண்டும், வரும் அழைப்பு இலவசம். குரல்பெட்டி அழைப்பை ஏற்றுக்கொண்ட நொடியே கூப்பிட்டவருக்குக் கணக்கு ஓடத் தொடங்கும். மணி மட்டும் அடித்துவிட்டு வைத்தால் ஒரு பைசாவும் போகாது. அந்த மணியே ஒரு பாஷையாயிற்று. ஒரு தடவை அடித்தால் வந்து சேர்ந்துவிட்டேன், இரண்டு தடவை அடித்தால் திரும்பக் கூப்பிடு. அமெரிக்காவில் செல்பேசிக்கு வரும் அழைப்புக்கும் பெறுகிறவர் கணக்கில் நிமிடம் கழிந்த காலம் உண்டு, ஆகவே மணியடித்துக் காசு மிச்சம் பிடிக்கும் விளையாட்டு அங்கே வேர்விடவில்லை.

மிஸ்டு காலின் காசுக் கணக்கு எவ்வளவு பெரிது என்பது 2019 அக்டோபரில் வெட்டவெளிச்சமானது. மற்ற நிறுவனத்து எண்ணுக்குப் போகும் அழைப்புக்கு, அனுப்பும் நிறுவனம் நிமிடத்துக்கு 6 பைசா கொடுக்க வேண்டியிருந்தது. தன் வாடிக்கையாளர்களுக்கு நாள்தோறும் 25 முதல் 30 கோடி மிஸ்டு கால் வருகிறது, அவர்கள் திரும்பக் கூப்பிடக் கூப்பிடத் தனக்குக் காசு போகிறது என்றது ஜியோ. ஜியோ மணியடிக்கும் நேரத்தையே குறைத்து, தன் அழைப்புகள் மிஸ்டு காலாகும்படி செய்து, மற்றவர்களைத் திரும்பக் கூப்பிட வைக்கிறது என்றது ஏர்டெல். கடைசியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் தலையிட்டு, 2019 நவம்பரில் செல்பேசிக்கு 30 விநாடி, தரைவழிப் போனுக்கு 60 விநாடி என்று மணியடிக்கும் நேரத்தை நிர்ணயித்தது. புதூர்நாட்டு மேட்டில் நின்று போனைப் பார்க்கும் அம்மாவுக்கு இந்தச் சண்டை தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் பள்ளத்தில் இருக்கும்போது மணியே அடிக்காது என்பது வேறு விஷயம்.

இப்போது வாய்ஸ் மெயில் அலர்ட்டை அதே மேட்டுக்குக் கொண்டுவருவோம். கோயம்புத்தூரில் மகன் வேலை செய்யும் இடத்தில் இணையத் தொலைபேசி இருக்கிறது, வீட்டாருக்கும் ஒரு குரல்பெட்டி கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மகன் பேசி வைக்கிறான். அம்மா மேட்டுக்கு வரும்போது குறுஞ்செய்தி விழுகிறது: ஒரு செய்தி காத்திருக்கிறது. அதைக் கேட்க அவர் ஒரு எண்ணைக் கூப்பிட வேண்டும். ரீசார்ஜ் முடிந்திருந்தால் கூப்பிட முடியாது. ரீசார்ஜ் இருந்தாலும் ரகசிய எண் நினைவிருக்க வேண்டும். "புதிய செய்திக்கு ஒன்றை அழுத்தவும்" என்று ஆங்கிலத்தில் சொல்வது புரிய வேண்டும். கேட்டு முடிக்கும்வரை சிக்னல் நிற்க வேண்டும். செய்தியில் ஒரு சுட்டி இருந்து, அதைத் தட்டினால் ஒலி வரும் என்றால், பட்டன் போனில் அது எடுபடாது. மிஸ்டு கால் அலர்ட் எதையும் மறைத்து வைப்பதில்லை, தெரிந்த அவ்வளவையும் போனிலேயே கொட்டிவிடுகிறது. வாய்ஸ் மெயில் அலர்ட்டோ சரக்கு கீழே ஊரில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள் என்கிறது. குறுஞ்செய்தி போனுக்காகக் காத்திருக்கும் பொருள், குரல்பெட்டி ஆளுக்காகக் காத்திருக்கும் பொருள். பத்து நிமிடம் சிக்னல் கிடைக்கும் இடத்தில் இந்த வேறுபாடுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

அப்படியானால் பேசியதை எழுத்தாக்கிக் குறுஞ்செய்திக்குள்ளேயே போட்டு அனுப்பினால்? இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஆங்கிலக் குறுஞ்செய்தியில் 160 எழுத்து கொள்ளும். தமிழுக்கு யூனிகோட் வேண்டும் என்பதால் 70 இடம்தான். அதிலும் 'கூ' என்பது நமக்கு ஓர் எழுத்து, குறுஞ்செய்திக்கு இரண்டு இடம். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் ஓர் இடம் போய்விடும். 70 இடத்தில் என்ன சொல்லிவிட முடியும் என்று தோன்றும். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே கூப்பிடு" என்பதை எண்ணிப் பாருங்கள். எழுத்து 22, இடைவெளியும் காற்புள்ளியும் சேர்த்துப் பிடிக்கும் இடம் 43. மீதி 27 இடம் கிடக்கிறது. "கூலி போட்டாச்சு", "சனிக்கிழமை வர்றேன்", "ஆதார் கார்டு அனுப்பு": வெளியூரில் இருப்பவர் வீட்டுக்குச் சொல்லும் அவசரச் செய்தி எதுவும் 70 இடத்தைத் தாண்டாது. தமிழை 7 பிட்டுக்குள் அடக்கி இன்னும் அதிகம் கொள்ளச் செய்யும் எழுத்து அட்டவணைகளும் ஜிஎஸ்எம் தரத்தில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. நம் போன்களில் அவை புழங்கவில்லை, அவை இல்லாமலே சமாளிக்கலாம்.

இதற்குத் தடை இரண்டு. முதலாவது தொழில்நுட்பம். பேச்சைத் தமிழ் எழுத்தாக்கும் வேலையைக் கூகுள் 2017இலேயே குரல் தட்டச்சாகக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் செய்தி வாசிப்பாளர் தமிழுக்குப் பழகிய இயந்திரம், இரைச்சலான பஸ் நிலையத்திலிருந்து மலைக்காரர் ஒருவர் வேகமாகப் பேசுவதைச் சரியாக எழுதும் என்று நம்ப எனக்குத் தைரியம் இல்லை. 'வரலை' என்பதை 'வரேன்' என்று எழுதிவிட்டால் ஒரு குடும்பம் இரவு முழுவதும் காத்திருக்கும். இரண்டாவது தடை சட்டம். 2018இல் ட்ராய் கொண்டுவந்த விதிப்படி, நிறுவனங்கள் கணினியிலிருந்து அனுப்பும் ஒவ்வொரு குறுஞ்செய்தியின் வாசகத்தையும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், மாறும் இடங்களை மட்டும் காலியாக விடலாம். நம்பரும் நேரமும் மாறும் மிஸ்டு கால் அலர்ட்டுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். ஒருவர் பேசியது முழுவதும் மாறும் இடம் என்றால் பதிவதற்கு வாசகம் ஏது? கேட்பதற்குச் சுட்டி கொடுக்கலாம் என்றால், 2024 அக்டோபர் 1 முதல் முன்பதிவு செய்யாத சுட்டியுள்ள செய்தி போகாது. மோசடிக்காரர்களைத் தடுக்கப் போட்ட வேலிதான், குறை சொல்ல முடியாது. அந்த வேலியின் அளவுக்கு அலர்ட் வெட்டப்படுகிறது என்பதும் உண்மை.

மோசடி இன்னொரு வழியையும் அடைத்தது. இணையத் தொலைபேசியின் குரல்பெட்டியை நம் செல்பேசி எண்ணோடு இணைக்க, எடுக்காத அழைப்பை அந்தப் பெட்டிக்குத் திருப்பிவிட வேண்டும். இதற்கான குறியீட்டை அடிக்கச் சொல்லி ஏமாற்றி, வங்கி ஓடிபி அழைப்பைத் தங்கள் எண்ணுக்குத் திருப்பிக்கொண்டவர்கள் பெருகியதால், 2024 ஏப்ரல் 15 முதல் யுஎஸ்எஸ்டி எனப்படும் அந்தக் குறியீட்டு வழித் திருப்பத்தை நிறுத்திவைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. இணையத்திலிருந்து சாதாரண எண்ணுக்குப் பேசுவதே 2018இல்தான் இங்கே தெளிவாக அனுமதிக்கப்பட்டது. பிஎஸ்என்எல்லின் 'விங்ஸ்' என்ற இணையத் தொலைபேசிச் சேவை அப்போது வந்தது, பெயர் நினைவிருப்பவர்கள் குறைவு.

இதுவரை சொன்னதைப் பார்த்தால் மிஸ்டு கால் பக்கமே தராசு சாய்கிறது. ஒரு விஷயத்தில் மட்டும் குரல்பெட்டி தெளிவாக ஜெயிக்கிறது. போன் யாருடையது என்ற கேள்வி அது. மலைவீட்டில் பல இடங்களில் குடும்பத்துக்கு ஒரு போன். வேலைக்குப் போகிறவர் அதை எடுத்துக்கொண்டு போனால், வீட்டிலிருப்பவருக்கு வந்த செய்தியும் அவரோடு போய்விடும். தங்கையின் கல்லூரி அழைப்பு அண்ணன் சட்டைப்பையில் மிஸ்டு காலாகக் கிடக்கும். குரல்பெட்டி போனில் ஒட்டியதில்லை. கடையில் இருக்கும் போனிலிருந்தோ, டீச்சரின் போனிலிருந்தோ, ரகசிய எண் அடித்துக் கேட்டுக்கொள்ளலாம். 2008இல் சான் பிரான்சிஸ்கோவில் வீடற்றவர்களுக்கு ஆயுளுக்கும் ஓர் எண்ணும் ஒரு குரல்பெட்டியும் இலவசமாகத் தருவதாகக் கூகுளும் நகராட்சியும் அறிவித்தபோது இதைத்தான் மனத்தில் வைத்திருந்தார்கள். வேலை விண்ணப்பத்தில் எழுத ஒரு நம்பர் வேண்டும், கையில் போன் இருக்க வேண்டிய அவசியமில்லை. போனே இல்லாதவருக்கு அது நல்ல ஏற்பாடு. போன் இருந்து சிக்னல் இல்லாதவருக்கு அதே ஏற்பாடு பாதி தூரம்தான் வரும்.

இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டவர்களும் உண்டு. சத்தீஸ்கரில் 2010இல் பத்திரிகையாளர் சுப்ராங்சு சௌத்ரி தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா, கோண்டி பேசும் பழங்குடியினருக்கான குரல்பெட்டி என்றே சொல்லலாம். ஊர்க்காரர் ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுப்பார், கணினி திரும்பக் கூப்பிடும். குடிதண்ணீர் வரவில்லை, வேலை செய்த கூலி வரவில்லை என்று அவர் பேசுவது பதிவாகும். அங்கே மிஸ்டு கால் செலவை மற்றவர் தலையில் ஏற்றுகிறது, குரல்பெட்டி எழுத்தறிவில்லாதவரின் பேச்சை ஏற்றுக்கொள்கிறது. எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் பட்டது பின்னால் அவர்கள் சேர்த்த 'புல்டூ ரேடியோ'. இணையம் உள்ள ஊரில் ஒருவர் ஒலிக்கோப்பை இறக்கிக்கொண்டு வருவார், மற்றவர்கள் புளூடூத்தில் கைமாற்றிக்கொள்வார்கள். டவர் எட்டாத இடத்துக்கு ஆள் நடந்து குரலைக் கொண்டுபோகிறார்.

புதூர்நாட்டு இளைஞர்கள் கையில் ஸ்மார்ட்போன் வந்த பிறகு இந்தப் பஞ்சாயத்து தானாக ஒரு பக்கம் நகர்ந்துவருகிறது. 2013இல் வாட்ஸப் கொண்டுவந்த குரல் செய்தி, குறுஞ்செய்தியைப் போலவே போனுக்காகக் காத்திருக்கும் ஜாதி. போன் இணையத்தில் இல்லாவிட்டால் அவர்களின் சர்வர் 30 நாள் வரை வைத்திருக்கும். மேட்டில் நிற்கும் பத்து நிமிடத்தில் போனுக்குள் வந்து விழுந்துவிட்டால், பள்ளத்துக்கு இறங்கிய பிறகும், அடுப்படியில் உட்கார்ந்துகொண்டும், நாலு பேருக்குப் போட்டுக் காட்டிக்கூடக் கேட்கலாம். ரகசிய எண் இல்லை, ஒன்றை அழுத்தவும் இல்லை. டேட்டா ரீசார்ஜ் வேண்டும் என்பது மட்டும்தான் குறை, அது சின்னக் குறையும் இல்லை. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான தனித் திட்டம் வேண்டும் என்று 2024 டிசம்பரில் ட்ராய் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியதே பட்டன் போன்காரர்களை மனத்தில் வைத்துத்தான். அந்தத் திட்டத்தில் இருக்கும் அம்மாவுக்குத் தன் மகனின் குரல் வாட்ஸப்பில் வந்து சேராது. அவருக்கு இன்றைக்கும் அந்தக் கடைசி நான்கு எண்தான். கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டுத் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று கேட்கும் மகன், போனை வைத்த கையோடு 43 இடத்தில் விஷயத்தை எழுதி அனுப்பிவிட்டால் மிஸ்டு கால் அலர்ட்டுக்குக் கீழேயே அதுவும் வந்து நிற்கும், பேரன் இரண்டையும் சேர்த்துப் படித்துச் சொல்லிவிடுவான்.